விரல் உயர மனிதர்கள்

முதலில் வந்தவன் ஒரு சிப்பாய். விரல் உயரம், பச்சை பிளாஸ்டிக், துப்பாக்கி பாதியில் உடைந்து கையில் குச்சி மட்டும் மிச்சம். என் கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். பலாப்பழம் அடிபடாமலிருக்க வண்டியில் விரித்திருந்த வைக்கோலுக்குள் அவன் கிடந்திருக்கிறான். எந்தப் பிள்ளை தவறவிட்டதோ தெரியாது. மலைமேல் செம்மேட்டில் இருக்கிற என் தையல் கடைக்கு அவனைக் கொண்டுவந்து மிஷின் பலகைமேல் நிறுத்தினார். "வேலைக்கு ஆள் கொண்டாந்திருக்கேன் அம்மணி. சோறு தண்ணி ஒண்ணும் கேக்கமாட்டான்" என்றார்.

அன்றைக்கு எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு இரண்டு கையையும் வலது கையாகவே வெட்டித் தொலைத்திருந்தேன். துணி சேலத்தில் எடுத்தது, அதே நிறத்தில் இன்னொரு முழம் வாங்க வழியில்லை. அந்த எரிச்சலில் சிப்பாயைத் தூக்கி, அவர் இறக்கி வைத்திருந்த ஒரு பலாப்பழத்தின் முட்களுக்கு நடுவே செருகினேன். செருகிய பிறகு பார்த்தால், ஏதோ பொல்லாத மலையில் ஏறிவிட்டு இறங்க வழி தெரியாமல் முழிக்கிறவனைப்போல இருந்தான். போனை எடுத்து, தரையோடு தரையாகக் குனிந்து ஒரு படம் எடுத்தேன்.

படத்தில் பலாப்பழம் இல்லை. பெரிய பச்சை மலை ஒன்று இருந்தது. அதில் ஒரு மனிதன் தனியாக நின்றான். அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, சிப்பாய்க்காக மூக்கால் பேச ஆரம்பித்தார். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டானாம், பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லையாம். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மளிகைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ரவிக்கையை மறந்துபோனேன். கடைசியில் அந்தப் பெண்ணுக்குக் கையில்லாத ரவிக்கையாகத் தைத்துக் கொடுத்து, இதுதான் இப்போது நாகரிகம் என்று சாதித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் சமவெளிக்கு இறங்கிப் போகும்போதெல்லாம் ஒன்றோ இரண்டோ கொண்டுவருவார். மிளகும் அன்னாசியும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு போய், அரிசியும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டி. அத்தனை வளைவும் ஏறி வருகிற அந்த வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே இந்த விரல் உயர மனிதர்கள் உருண்டுகொண்டு வருவார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட குண்டு சமையல்காரன் ஒருவன். வாளி தூக்கிய ஒரு பெண். மட்டை இல்லாமல் மட்டை பிடித்திருக்கிற ஆட்டக்காரன். பேக்கரியில் கேக்கின்மேல் வைக்கிற கோட்டுப் போட்ட மாப்பிள்ளையும் பெண்ணும். பிறகு ஒரு பசுமாடு, இவர்கள் எல்லோரையும்விடப் பெரியது. அளவு பொருந்தாத கூட்டம். ஆனால் மாட்டைத் தள்ளித் தூரத்தில் நிறுத்தினால் படத்தில் சரியாகிவிடும். இந்தச் சூட்சுமத்தையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை, படம் கெட்டுக் கெட்டுத்தான் பிடிபட்டது.

பெரிய தொல்லை இவர்களை நிற்க வைப்பதுதான். இம்மியளவு காற்றடித்தாலும் குப்புற விழுவார்கள். பசை போட்டுப் பார்த்தேன், காய்ந்தவுடன் காலோடு பெயர்ந்து வந்தது. பிறகுதான் பலாப்பழப் பால் ஞாபகம் வந்தது. பழம் அறுக்கும்போது கையில் ஒட்டி உயிரை வாங்குகிற அந்தப் பாலில் ஒரு துளியைக் காலடியில் வைத்தால் போதும், பாறையோ இலையோ எதிலும் நிற்பான். எடுக்கும்போது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வந்துவிடுவான். பறக்கிறவர்களுக்குத் தையல் நூல். வயலுக்குப் பச்சைப் பட்டுத் துணியின் வெட்டுத்துண்டு. மழைக்கு, இஸ்திரி போடும்போது தெளிக்கிற தண்ணீர் பாட்டில். மலையில் இறங்குகிற மஞ்சுமூட்டத்துக்கு மட்டும் நான் எதுவும் செய்யவேண்டியதில்லை. அது தானாகவே கடைக்குள் வரும்.

கடையை மூடுகிற நாட்களில் இரண்டு பேரும் வண்டியில் கிளம்பிவிடுவோம். மிளகுக் கொடி ஏறியிருக்கிற சில்வர் ஓக் மரத்தடியில், சாமைக் காட்டு வரப்பில், மழை விட்ட பாறைமேல் என்று எங்கே வெளிச்சம் சாய்வாக விழுகிறதோ அங்கே உட்கார்ந்துவிடுவோம். நான் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு குப்புறப் படுப்பேன். அவர் ஒரு பழைய வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு காற்றை மறைப்பார். மறைத்துக்கொண்டே பேசுவார். சமையல்காரனுக்கும் வாளிக்காரிக்கும் ஒத்துவராது. மாப்பிள்ளை கோட்டுக்காரனுக்கு மலைக்குளிர் தாங்காமல் மூக்கு ஒழுகும். காய்ந்த மிளகு ஒன்று உருண்டு வந்தால் பாறை உருண்டுவிட்டதென்று ஊரே ஓடும். அவருக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் உண்டு. நான் சிரித்துக் கை ஆடி எத்தனையோ படம் கலங்கிப்போயிருக்கிறது. கலங்கிய படங்களையும் நான் அழிக்கவில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் படிக்கிறவர்களும் மற்றவர்களைப்போல முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டிருப்பார்கள், அதனால் சொல்லவில்லை. பார்க்கவேண்டிய வைத்தியமெல்லாம் பார்த்தோம். சேலத்தில் ஒரு டாக்டரம்மா கடைசியாக எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, இனிமேல் செலவு செய்யாதீர்கள், ஆகாது என்று நல்லவிதமாகச் சொன்னார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மலை ஏறும்வரை அழுதேன். அதற்குப் பிறகு பல மாதம் அழுதேன். பிறகு அழுகை தீர்ந்துபோனது. தீர்ந்தது என்றால் தீர்ந்தது. காய்ந்த புண்ணைத் தடவிப் பார்ப்பதுபோலத் தடவிப் பார்த்திருக்கிறேன், வலிக்கவில்லை. சிப்பாய் வந்தது அதற்கும் ரொம்பக் காலம் கழித்து.

ஆகவே அந்தப் பொம்மைகள் எனக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைக்குப் பதிலும் இல்லை. அவை வெறும் பொம்மைகள், அதனால்தான் பிடித்திருந்தன. நாள் முழுக்கக் கொக்கியும் பொத்தான் காஜாவும் பார்த்துக் கண் நோகிற ஒருத்திக்கு, ஒன்றுக்கும் உதவாத ஒரு காரியம் கிடைத்தது, அவ்வளவுதான். சீட்டாடுகிறவனை யாரும் நிறுத்தி உனக்கு என்ன குறை என்று கேட்பதில்லையே.

என்னைக் கேட்டார்கள். நல்ல படமாக இருந்தால் போனில் ஸ்டேட்டஸ் வைப்பேன். சமையல்காரன் குச்சிக்கிழங்கின்மேல் ஏறி நின்று அதை ரம்பத்தால் அறுப்பதுபோல ஒன்று வைத்தேன். ரம்பம் நான் டப்பா மூடியில் வெட்டியது. அதற்கு வந்த பதில்கள் எல்லாம் கும்பிடுகிற கைகள். சாமி கண் திறக்கும் அக்கா என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் அலமாரியில் வரிசையாக நிற்கிற பொம்மைகளைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். பேச்சு தணிந்துவிடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள், பிள்ளை பொம்மைக்குக் கை நீட்டினால் அதன் கையை இழுத்துப் பிடிப்பாள். பொம்மையைக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றும். கொடுத்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள் என்று பேசாமல் இருப்பேன். ஒருமுறை பொறுக்கமாட்டாமல் ஒருத்தியிடம், இது எனக்கு விளையாட்டு, நீங்கள் பல்லாங்குழி ஆடுகிற மாதிரி என்று சொன்னேன். அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அந்தத் தட்டில் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் ரவிக்கையை ஒரு வாரம் தைக்காமல் போட்டுவைத்தேன்.

இதையெல்லாம் நான் தாங்கினேன் என்றால் அதற்குக் காரணம் அவர். ஊரில் ஒருத்தருக்கும் விளங்காதது அவருக்கு விளங்கியிருந்தது. அவர் என்னைப் பாவமாகப் பார்த்ததில்லை. மூக்கால் பேசினார். வேட்டியைப் பிடித்தார். என்னோடு சேர்ந்து ஊரைக் கிண்டல் செய்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

நாத்தனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய அக்கா. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; திருப்புலி நாட்டில் சாமையும் மிளகும் போட்டுக்கொண்டு இருக்கிறார். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். சந்தை நாளில் பஸ்ஸில் வந்து இறங்கி, கிழங்கையோ கீரையையோ என் கடை மூலையில் போட்டுவிட்டு, எனக்குக் காஜா எடுத்துக் கொடுத்தபடி மாலைவரை இருப்பார். அதிகம் பேசமாட்டார். பொம்மைகளை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை, அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

அந்தச் சமயத்தில்தான் தவழ்கிற குழந்தை வந்தது. முதல் பிறந்தநாள் கேக்கின்மேல் வைக்கிறது, ரோஜா நிறம், மற்றவர்களைவிட மூன்று மடங்கு பெரியது. பேக்கரிக்காரர் சும்மா கொடுத்ததாக என் கணவர் சொன்னார். ஒரு கணம் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நான்தான் சொன்னேன், இது ஊருக்குள் புகுந்த பூதம் என்று. பச்சைத் துணி வயலுக்கு நடுவே அதைத் தவழவிட்டு, முன்னால் சமையல்காரனையும் வாளிக்காரியையும் கல்யாண ஜோடியையும் தலைதெறிக்க ஓடவைத்து எடுத்தேன். சிப்பாய் மட்டும் உடைந்த துப்பாக்கியோடு எதிர்த்து நிற்பான். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. அன்றைக்கு அவர் எந்தக் குரலிலும் பேசவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்றார்.

இரண்டு மூன்று சந்தை கழிந்து ஒரு நாள் பார்த்தால் அலமாரியில் குழந்தையைக் காணவில்லை. எலி இழுத்துப்போய்விட்டதோ என்று மிஷினுக்கு அடியிலெல்லாம் தேடினேன். அடுத்த வாரம் துணி தைக்கக் கொடுக்க வந்த திருப்புலி நாட்டுப் பெண் ஒருத்தி, முகமெல்லாம் மலர்ந்து விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் கோயில் மரத்தில் எங்களுக்காகத் தொட்டில் கட்டியிருக்கிறார். மஞ்சள் துணித் தொட்டில், உள்ளே ரோஜா நிறக் குழந்தை. அது மட்டுமில்லை, பிள்ளை பிறந்து அது தவழ்கிறவரை காலில் செருப்புப் போடுவதில்லை என்று வேண்டுதலும் வைத்திருக்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டு மட்டும்தான் இருந்தார்கள், இவர் மரத்திலேயே கட்டித் தொங்கவிட்டுவிட்டார். என் பூதத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பிள்ளையாக்கிவிட்டார். என்னைக் கேட்காமல், என் கடையில், என் அலமாரியில் கை வைத்து. சாயங்காலம் என் கணவர் வந்ததும் கொட்டித் தீர்த்தேன். உங்கள் அக்காவுக்கு டாக்டரம்மா சொன்னது தெரியுமா தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றார். தெரிந்துமா இப்படி என்றேன். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். "உடு அம்மணி. ஆசையில செய்யறதுதானே" என்றார். யார் ஆசையில் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் அவர் இன்னும் அதிகமாகப் பொம்மை கொண்டுவர ஆரம்பித்தார். எனக்கு ஆறுதலாக, என் கட்சியில் நிற்பதற்கு அடையாளமாகக் கொண்டுவருகிறார் என்று எடுத்துக்கொண்டேன். குடை பிடித்தவன், தபால் பை மாட்டியவன், யானைமேல் உட்காரக் காலை விரித்த, ஆனால் யானை இல்லாத ஒருவன். ஞாயிறுதோறும் என்னைக் கிளப்பிக்கொண்டு போவார். எனக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் வா வா என்பார். முன்னைக்கு இப்போது இன்னும் விதவிதமாகப் பேசினார். எனக்கு அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் இனிக்கிறது, உடனே கசக்கிறது.

நாத்தனார் வழக்கம்போலச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தார், வெறுங்காலோடு. நான் டீ வாங்கிக் கொடுப்பேன், முகம் கொடுத்துப் பேசமாட்டேன். அவர் அதைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூலையில் கால் நீட்டி உட்கார்ந்து காஜா எடுப்பார். அந்தக் கால் என் கண்ணுக்கு நேரே இருக்கும். குதிகால் வெடிப்பு விரல் நுழைகிற அளவுக்குப் போயிருந்தது. மழைக்காலத்தில் சேற்றுப்புண் வந்தது. ஒருமுறை முள் ஏறிச் சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் கீறிக் கட்டுப் போட்டார்கள். அந்தக் கட்டோடும் சாலையில் நொண்டிக்கொண்டு வந்தார், கட்டுக்குமேல் ஒரு செருப்பு மாட்ட மனம் வரவில்லை. வராத ஒரு பிள்ளைக்காக ஒரு மனுஷி கண்ணுக்கு முன்னால் இப்படித் தேய்கிறாளே என்று எனக்குக் கோபம் ஒரு பக்கம், இரக்கம் ஒரு பக்கம்.

போன மாசி மாதம் பொறுக்கமுடியாமல் போய்விட்டது. சந்தையில் அவர் காலுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிவந்து முன்னால் வைத்தேன். கடையில் வேறு யாரும் இல்லை. போடுங்கள் என்றேன். அவர் சிரித்து, வேண்டுதல் இருக்கிறதே என்றார். அந்தச் சிரிப்பு என்னைக் கிளப்பிவிட்டது. பிள்ளை வராது, டாக்டரம்மா சொன்னது உங்களுக்கும் தெரியும், இது முடியாத வேண்டுதல், நீங்களாக என் பொம்மையை எடுத்துப்போய்க் கட்டிவிட்டு இரண்டு வருஷமாக என்னையும் வதைத்துக்கொண்டு உங்களையும் வதைத்துக்கொள்கிறீர்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

நாத்தனார் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, நிஜமான திகைப்பு.

"நானா எடுத்துட்டுப் போனேன்னா நெனச்சே? பொறந்தவன் கையால குடுக்காம நான் எப்படிக் கண்ணு கட்டறது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்தான் விளக்கினார். என் பிறந்த ஊர் வளப்பூர் நாடு. எங்கள் வகையறாவில் தொட்டில் யார் வேண்டுமானாலும் கட்டலாம், அநேகமாகப் பெண்ணின் அம்மா கட்டுவார். இவர்கள் வகையறாவில் அப்படி இல்லை. ஆணோடு பிறந்தவள்தான் கட்டவேண்டும். அவளும் தானாகக் கட்டக்கூடாது. தொட்டிலில் போடவேண்டியது கல்லோ பொம்மையோ, அதைத் தம்பியோ அண்ணனோ தன் கையால் அவள் மடியில் போட்டுக் கேட்கவேண்டும். கேட்காமல் கட்டினால் தொட்டிலின் பலன் பிறருக்குப் போய்விடும் என்பார்களாம். இது அவர்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் முகம் திருப்பியதெல்லாம், புருஷன் தன்னிடம் சொல்லாமல் அக்காவிடம் கேட்டானே என்ற மனத்தாங்கல் என்று எடுத்துக்கொண்டு பொறுத்துப்போயிருக்கிறார்.

என் கணவர் ஒரு நாள் காலையில் வண்டியை அக்கா வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினாராம். சட்டைப் பையிலிருந்து அந்தக் குழந்தையை எடுத்து அக்கா மடியில் வைத்தாராம். டாக்டர் ஆகாது என்று சொன்ன பிறகு எதற்கடா என்று அக்காதான் கேட்டிருக்கிறார்.

"எனக்கு வேண்டாங்கக்கா, அவளுக்காவன்னு சொன்னான். பொம்மைங்களை வெச்சுக்கிட்டு அவ சிரிக்கறதப் பாத்தா எனக்கு ஈரக்கொலை நடுங்குது, எதுக்கும் கட்டி வைங்கக்கான்னு சொல்லிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். என்ற தம்பி அழுது நான் பாத்ததே இல்ல. அப்புறம் நான் வெறும் தொட்டிலக் கட்டிட்டுச் சும்மா வர முடியுமா?"

மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். கால் தானாக மிதியில் போய் நின்றது. தைக்கத் துணி எதுவும் இல்லை. நாத்தனார் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அது துக்கம் என்று நினைத்துத் தடவினார். அது துக்கம்தான், ஆனால் அவர் நினைத்த துக்கம் இல்லை.

ஊரில் இத்தனை பேர் என்னைத் தப்பாகப் படித்தபோதெல்லாம், ஒருவர் சரியாகப் படிக்கிறார் என்று இருந்தேன். அந்த ஒருவரும் ஊரோடுதான் சேர்ந்திருந்தார். மூக்கால் பேசியது, குளிரில் வேட்டியைப் பிடித்து நின்றது, பேக்கரி பேக்கரியாக ஏறி இறங்கிப் பொம்மை பொறுக்கியது எல்லாம் நோயாளியைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவரின் வேலை. நான் விளையாடினேன். அவர் பணிவிடை செய்தார். இரண்டு பேரும் ஒரே பாறையில் குனிந்திருந்தோம், ஒரே பொம்மையைப் பார்த்தோம், ஒரே நேரத்தில் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு வந்ததால் சிரித்தேன். அவர் எனக்காகச் சிரித்தார். இதை நினைக்கிறபோது வருகிற வருத்தத்துக்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. என்மேல் இவ்வளவு ஆசை வைத்த மனுஷனிடம் எதற்கென்று சண்டை பிடிப்பது?

அவர் எத்தனை நாள் வண்டியில் தனியாக மலை ஏறிக்கொண்டு இதை நினைத்து அழுதாரோ. நான் ஒரே ஒரு தடவை, எனக்கு அதெல்லாம் தீர்ந்துவிட்டது, இது சும்மா வேடிக்கை என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த அழுகை இல்லை. அவருக்குத் தெரியும் என்று நினைத்ததால் சொல்லவில்லை. தோளைத் தட்டிய யாரோ ஒருத்தியிடம் சொன்னேன், அவள்மேல் ஆத்திரப்பட்டேன், அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை.

நாத்தனாரிடம் செருப்பை மறுபடி நீட்டினேன். தம்பி வந்து அவன் கையால் தொட்டிலை அவிழ்க்கட்டும், அன்றைக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அன்று மாலை என் கணவர் வந்தபோது மஞ்சு இறங்கியிருந்தது, கடைக்குள் விளக்குப் போட்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சைக்கிள் ஓட்டுகிற ஆள், சைக்கிளும் இருந்தது, இரண்டு சக்கரமும் சுற்றின. இந்த மாதிரி ஒன்றை நாங்கள் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தோம். பலகையின்மேல் நிறுத்தி, அடிவாரத்துக் காரவல்லியிலிருந்து மிதித்தே மலை ஏறி வந்தேன் அம்மணி, ஒரு சோடா கிடைக்குமா என்று இரைக்க இரைக்கப் பேசினார். நல்ல குரல். வேறொரு நாளாயிருந்தால் போனைத் தேடியிருப்பேன்.

அன்றைக்கு நான் பொம்மையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். அவரும் பொம்மையைப் பார்க்கவில்லை. அவர் கண் என் வாய்மேல் இருந்தது. சிரிப்பு வருகிறதா என்று காத்துக்கொண்டிருந்தது. படம் எடுக்கிற நேரமெல்லாம் என் கண் போனுக்குள் இருந்ததால், இத்தனை வருஷமும் அவர் கண் எங்கே இருந்தது என்று நான் பார்த்ததே இல்லை.

"அக்கா எல்லாஞ் சொல்லிட்டாங்க" என்றேன்.

அவர் சைக்கிள்காரனை மெதுவாகப் படுக்கவைத்தார்.

"ஏனுங்க, நான் அழுகைய மறைக்கறதுக்கு விளையாடலீங்க. நெசமாவே எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. நான் சந்தோஷமாத்தான் இருந்தேன். நீங்க என்னை நம்போணும்."

சொல்லும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்திருக்கக்கூடாது. அவர் அதைத்தான் பார்த்தார். கிட்ட வந்து, என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சட்டையில் டீசலும் மிளகும் மணத்தன.

"சரி கண்ணு" என்றார். "சரி, சரி."

காய்ச்சலில் பிதற்றுகிறவளுக்குச் சொல்கிற சரி அது.